வெயிலில் நின்ற மட்டி

ஓடி வந்தவரிடம் உடனே சேதி கேட்காத மனிசர் என்று நான் வாழ்க்கையில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். அதுவும் போர்க்காலத்தில், திருகோணமலையில். ஓடி வருகிறவர்களுக்குக் குறைவே இல்லாத காலம் அது. கேற்றடியில் யாராவது சைக்கிளை வேகமாகச் சாத்துகிற சத்தம் கேட்டாலே நாங்கள் பாதி எழும்பிவிடுவோம். வந்தவர் வாய் திறக்க முதல் "என்ன, ஆர், எங்கை?" என்று கேட்டு முடித்திருப்போம். அக்கா மட்டும் குசினிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வருவார். கதிரையை இழுத்துப் போடுவார்.

"முதல்ல இருங்கோ. ஆறட்டும். பிறகு கதைப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிறவி அவசரக்காரி. பால் பொங்க முதலே அடுப்பை அணைத்துவிட்டு, தேத்தண்ணி பச்சைப்பால் மணக்குது என்று அம்மாவிடம் பேச்சு வாங்குகிறவள். அப்படிப்பட்ட என் வீட்டில் வாடகைக்கு வந்து சேர்ந்தது இப்படி ஒரு ஆள்.

உப்புவெளியில் எங்கள் வீட்டின் பக்கத்து அறையை அவர் எடுத்திருந்தார். மலைநாட்டில் ஒரு கம்பஸ், பல்கலைக்கழகம்தான், அவரை அனுப்பியிருந்தது. துறைமுகத் தண்ணீரில் ஈயம், செம்பு போன்ற பார உலோகங்கள் ஊறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதையும் தண்ணீரை அளந்து அல்ல, அந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்கிற மட்டிச் சிப்பியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதுதான் அவருடைய வேலை. வாளியும் கையுமாகத் திரிந்ததால் ஊர் அவருக்கு மட்டி மிஸ் என்று பெயர் வைத்தது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். அவர் என்னை ரீச்சர் என்றார். நான் கிண்ணியாப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாலும், "இப்ப என்ன அவசரம் ரீச்சர்?" என்று கேட்பார் போல இருக்கிறது.

அவருடைய அறைக்குள் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. கடலிலிருந்து கொண்டு வந்த மட்டியை அவர் அன்றைக்கே அறுக்க மாட்டார். கடல்தண்ணீர் நிரப்பிய அந்தத் தொட்டியில் ஒரு இரவு ஆற விடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு சாப்பிட்டு, கண் சொருகுகிற நேரத்தில் அந்த அறை வாசலில் பாயைப் போட்டுப் படுப்பேன். வீட்டில் குளிர்ச்சியான இடம் அதுதான். தண்ணீருக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டார், தூரத்தில் போகிற லோஞ்சிப் படகு மாதிரி இரைந்துகொண்டிருக்கும். தொட்டியில் பட்ட வெளிச்சம் முகட்டில் நெளியும். இறுக மூடிக் கிடந்த மட்டிகள் வீட்டில் அரவம் அடங்க அடங்க ஒன்றொன்றாக வாய் திறக்கும்.

துறைமுக வாயிலில் தண்ணீருக்கடியில் அப்போதெல்லாம் கடற்படை வெடி போடும், முக்குளித்து யாரும் வந்துவிடக் கூடாதென்று. காற்று எங்கள் பக்கம் வீசினால் யன்னல் மெல்ல அதிரும். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம், நித்திரையில் புரண்டுகூடப் படுக்க மாட்டோம். தொட்டிக்குள் மட்டும் எல்லா வாயும் ஒன்றாக மூடிக்கொள்ளும். பிறகு நெடுநேரத்துக்கு ஒன்றும் திறக்காது. கனவா நனவா என்று தெரியாத அந்த நேரத்தில், எங்கள் வீடே கடலுக்கடியில் இருப்பது போலவும், நானும் அம்மாவும் தம்பியும் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே பார்ப்பது போலவும் எனக்குத் தோன்றும். அக்கா தொட்டிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பார். முதலாவது மட்டி திரும்பவும் வாய் திறக்கும்வரை அசைய மாட்டார்.

கரண்ட் போனால்தான் கூத்து. தம்பி சைக்கிள் பம்மைக் கொண்டு வந்து தொட்டிக்குள் காற்றடிப்பான். "மனிசர் வேர்த்துச் சாகுதுகள், மட்டிக்குக் காத்து நடக்குது" என்று அம்மா குசினிக்குள் நின்று சொல்லுவா. சொல்லிவிட்டு, தானே வந்து அவனை மாற்றிவிட்டு அடிப்பா.

ஒரு நாள் அம்மா கேட்டா, "ஏன் பிள்ளை, அறுக்கிறதை அண்டைக்கே அறுத்தா என்ன? மட்டிக்கென்ன தெரியவோ போகுது?"

"மட்டிக்குத்தான் அம்மா தெரியும்" என்றார் அக்கா. "ஒரு செத்தவீடு நடந்தா நாலு சனம் தானா வந்து அடுப்பைப் பாக்கும், பிள்ளையளைப் பாக்கும், வீடு குலைஞ்சு போகாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். இல்லையோ? உயிருக்குள்ளயும் அப்பிடித்தான். சூடு பட்டா, நஞ்சு பட்டா, உடம்புக்குள்ள இருக்கிற புரதங்கள் உருக்குலையப் பாக்கும். உடனே வேற சில புரதங்கள் உண்டாகி அதுகளைத் தாங்கிப் பிடிக்கும். அந்த நாலு சனம் வந்திருக்கினமோ எண்டு பாக்கிறதுதான் என்ர வேலை. கனபேர் வந்திருந்தா வீட்டில ஏதோ நடந்திருக்கு."

"என்ன நடந்ததெண்டும் சொல்லுவினமோ?"

"அதுதான் சொல்லாயினம். செம்போ, ஈயமோ, வெயிலோ, பிடிச்சு உலுப்பினதோ, எல்லாத்துக்கும் வாறது அதே சனம்தான். அதாலதான் ஆற விடுறன். பதகளிச்சுக்கொண்டிருக்கிற உயிரின்ர சாட்சியை நம்ப ஏலாது."

அம்மாவுக்கு இது நன்றாகப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "இண்டைக்கு உனக்குள்ள நாலு சனம் வந்திருக்கினம் போல" என்று சிரிப்பா.

மட்டிக்குச் செய்ததைத்தான் அக்கா மனிசருக்கும் செய்தார். அதில் எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்த நாளும் உண்டு. ஒரு விடியக் காலமை எங்கள் பகுதியை ஆமிக்காரர் சுற்றி வளைத்திருந்தார்கள். முன்வீட்டு மணியண்ணை தலைதெறிக்க ஓடி வந்து, "தம்பியை ஏத்திக்கொண்டு போறாங்கள்!" என்று கத்தினார். நான் அவிழ்ந்த தலையோடு வாசலுக்குப் பாய்ந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் மணியண்ணையைக் கதிரையில் இருத்தினார். "தண்ணியைக் குடியுங்கோ அண்ணை. மூச்சு வாங்குங்கோ."

"விடுங்கோ அக்கா! உங்களுக்கு மட்டிதான் மனிசர். எங்களை ஆரெண்டு நினைச்சீங்கள்?" என்று நான் குழறினேன். அவர் விடவில்லை. அந்த மெலிந்த கைக்குள் அவ்வளவு பலம் இருந்தது.

மணியண்ணை குடித்து முடித்தார். மூச்சு அடங்கியது. அடங்கிய பிறகு சொன்னதைக் கேட்டால் வேறு கதை. லொறியில் ஏற்றின பெடியன் ஒருவன் நீலச் சேட்டுப் போட்டிருந்தான், அவர் முகத்தைக் காணவில்லை, முதுகைத்தான் கண்டார். தம்பியின் சேட்டும் நீலம்தானே என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். "இப்ப யோசிச்சா, அந்தப் பெடியன் கொஞ்சம் கட்டையன்" என்றார். மத்தியானம் தம்பி வீட்டுக்கு வந்தான். நான் அப்போது றோட்டுக்கு ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அக்கா சோறு தின்னவில்லை. கட்டையான அந்தப் பெடியனும் ஏதோவொரு வீட்டின் தம்பிதான் என்பதை அவர் எங்களுக்கு முதலே நினைத்துவிட்டார்.

இன்னொரு தரம் வீடு வீடாகச் சோதனை. துவக்கோடு ஒரு ஆமிக்காரன் பக்கத்து அறைக்குள் நுழைந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். தொட்டிகளைக் கண்டதும் அவனுக்கு என்ன தோன்றியதோ, "மேக்க மொக்கத? மொக்கத?" என்று கத்தத் தொடங்கினான். இது என்ன என்று கேட்கிறான். துவக்கைத் தொட்டிக்கு நேரே நீட்டினான். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அக்கா பதில் சொல்லாமல், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "வத்துற ஓனத?" என்று கேட்டார். தண்ணீர் வேணுமா என்று.

அவன் திகைத்துப் போனான். செம்பை வாங்கி நாடியால் வழிய வழியக் குடித்தான். பிறகு தொட்டிக்கு முன்னால் குந்தி, மட்டி வாய் திறந்து மூடுவதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே கூப்பிட்ட பிறகுதான் எழும்பிப் போனான். "அவனுக்கும் பதகளிப்புத்தான்" என்றா அம்மா, கதவைச் சாத்திக்கொண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கு இரங்க எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் முழுதாக வரவில்லை. அக்கா என்ன நினைத்தார் என்று தெரியாது. செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

போர் முடிந்த பிறகு அவரைத் தேடினேன். கடல் கடந்து போய்விட்டார் என்றார்கள், எந்த நாடு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். நான் ஆறிப்போய்விட்டேன். சில வேளை அவர் எனக்குக் கற்றுத் தராமலே தந்தது அதுவாக இருக்கலாம்.

அவர் எங்களோடு இருந்த காலத்தில் அம்மாவுக்கு அவரோடு ஒரேயொரு மனத்தாங்கல். மட்டிக்கறியைத் தொட மாட்டார். அம்மாவின் மட்டிக்கறி என்றால், தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் முருங்கையிலை தூவி, ஒழுங்கை முழுக்க மணக்கும். அக்கா சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்துகொண்டு இருப்பார்.

"வழக்கு நடக்கேக்க சாட்சியைத் தின்னப்படாது அம்மா."

"எப்ப முடியும் உங்கட வழக்கு?"

"ஆறட்டும்."

வழக்கு கிண்ணியாப் பக்கத்துக்கு இழுபட்டதைச் சொல்ல வேண்டும். துறைமுகத்து மட்டி கெட்டிருக்கிறது என்று சொல்வதானால், கெடாத மட்டி எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதற்காக அக்கா அலைந்து திரிந்து, உப்புத்தண்ணீரில் வளர்கிற கண்டல் மரங்களுக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்னக் கடல்வாயைக் கண்டுபிடித்தார். கப்பல் இல்லை, பெயின்ற் அடிக்கிற தளம் இல்லை, துருப்பிடித்த இரும்பு இல்லை. துறைமுகக் கற்களில் ஒட்டியிருக்கிற அதே மட்டி அங்கே கல்லிலும் வேரிலும் ஒட்டியிருந்தது. அதை அங்குள்ள பெண்கள் பிடுங்கி அவித்து விற்றார்கள். கடலுக்குப் போகத் தடை. ஆண்களின் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அந்த வீடுகளில் உலை ஏறியது மட்டியால்தான்.

அவர்களில் ஒருத்தி கதீசா ராத்தா, முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். வாய்க்காரி, சிரிப்புக்காரி. கிழமைக்கொரு தரம் அக்காவுக்கென்று ஒரு வாளி மட்டியை உயிரோடு கொண்டுவந்து தருகிற பொறுப்பை அவவே எடுத்துக்கொண்டா. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பஸ்ஸையும் சனத்தையும் ஏற்றி இறக்குகிற ஒரு மிதவைதான், அதைத்தான் நாங்கள் பாதை என்போம். நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற அதே பாதையில் அவவும் வாளியோடு வருவா. வீட்டு வாசலில் வாளியை வைத்ததும் அக்கா இருத்துவார், தண்ணீர் கொடுப்பார், பிறகு கேட்பார்.

"வழியில ஏதும் நடந்ததோ ராத்தா?"

"ஒண்டுமில்ல மிஸ். வழமையாத்தான்."

அக்கா வாளியைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஆற விடுவார். மறுநாள் அறுத்து, ஐஸில் வைத்து மலைநாட்டுக்குக் கொண்டு போவார். மாதக்கணக்காக இப்படி நடந்தது.

ஒரு தரம் போனவர் முகம் செத்துப்போய் வந்தார். அங்கே அந்தப் புரதத்தைப் பிரித்துத் தாளில் கறுப்புக் கோடாக விழ வைப்பார்களாம். கோடு எவ்வளவு கறுப்போ, வந்த சனம் அவ்வளவு. துறைமுகத்து மட்டியின் கோடு கறுப்பு. அது எதிர்பார்த்ததுதான். சுத்தமான கடல்வாயின் கோடு அதைவிடக் கறுப்பு. கம்பஸில் பெரியவர்கள், அந்தக் கடல்வாயிலும் நஞ்சு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சேதி எப்படியோ ரவுணில் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போயிற்று. பாதையடியில் சிவப்பு எழுத்தில் பலகை ஒன்று ஏறியது: மறு அறிவித்தல் வரை இப்பகுதி மட்டி பிடுங்குதல், விற்றல் தடை.

பலகைக்குக் கீழேயே இருந்து கதீசா ராத்தா விற்றா. ஒருவரும் வாங்கவில்லை. நஞ்சு மட்டி என்று சனம் விலகிப் போயிற்று.

ஒரு பின்னேரம் அவ எங்கள் வீட்டுக்கு வந்தா. கையில் வாளி இல்லை. அக்கா கதிரை போட்டார். அவ இருக்கவில்லை.

"மிஸ், நீங்க ஒண்டத் தின்னு காட்டுங்க. பாதையடியில, எல்லாருக்கும் முன்னால. நீங்க தின்னாச் சனம் தின்னும்."

அக்கா தண்ணீர்ச் செம்பைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். "தெரியாமத் தின்ன ஏலாது ராத்தா. நான் தின்னா, அதை நம்பி உங்கட பிள்ளையளும் தின்னும்."

"எங்கட புள்ளயள் வேற என்னத்தத் தின்னும் மிஸ்?"

அவ்வளவுதான். போய்விட்டா. செம்புத் தண்ணீர் தொடாமல் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா அதை எடுக்கவும் இல்லை. அவர் செய்தது சரியென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. ஒரு மட்டிதானே, விழுங்கித் தொலைத்தால் என்ன என்று இருந்தது.

அதற்குப் பிறகு வீடே மூச்சடைத்தது போல ஆயிற்று. தொட்டிகள் காலி. மோட்டார் மட்டும் வெறும் தண்ணீருக்குக் காற்று ஊதிக்கொண்டிருக்கும், அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. நான் வாசலில் படுத்தால் கண் சொருகாது. முகட்டில் வெளிச்சம் தன்பாட்டில் நெளியும்.

அப்படியொரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தேன். அக்கா வழமைபோல இருத்தினார், தண்ணீர் தந்தார்.

"வழியில ஏதும் நடந்ததோ ரீச்சர்?"

"ஒண்டுமில்லை" என்றுவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். அடியில் தார் அப்பி, மணல் ஒட்டி, குதிப்பக்கம் பாதி இல்லை. அக்கா குனிந்து அதைக் கையில் எடுத்தார்.

"இதென்ன?"

"பாதையடியில தாரோட ஒட்டிப்போட்டுது. இழுக்க அரைவாசிதான் வந்தது."

"தார் உருகுற வெயிலுக்க அங்க என்ன செய்தனீங்கள்?"

"நிண்டனான். ஆமிச் செக்கிங் அக்கா. வேற என்ன செய்யிறது?"

"இண்டைக்கு மட்டுமோ?"

"ஒவ்வொரு நாளும்தான். வழமையா நிக்கிறதுதானே."

அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதீசா ராத்தாவும் நிக்கிறவவோ? வாளியோட?"

"அவவைத்தான் கூட நேரம் மறிப்பாங்கள். தண்ணிக்குள்ள என்ன கிடக்குதெண்டு தடியை விட்டுக் கிண்டுவாங்கள். பிறகு ஓரத்தில வை எண்டுவாங்கள். வாளி தார் றோட்டில கிடந்து கொதிக்கும்."

"நான் ஒவ்வொரு முறையும் கேட்டனானே. வழியில ஏதும் நடந்ததோ எண்டு கேட்டனானே ரீச்சர்."

"அதுக்கென்ன இப்ப? ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. நடந்தது என்றால் எங்களுக்கு ஆரையாவது கொண்டு போனதுதான், அடித்ததுதான், வெடித்ததுதான். வெயிலில் நிற்பதை ஒரு சம்பவம் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கதீசா ராத்தா பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. கொதித்த மட்டிக்குள் வந்த நாலு சனம் ஒரு இரவில் எழும்பிப் போய்விடாது, நாள்கணக்கில் இருக்கும் என்று அக்கா பிறகு விளங்கப்படுத்தினார். அந்த நேரம் அவர் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. என் பிய்ந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"நானும் அந்தப் பாதையால எத்தினை தரம் வந்தனான். நானும் நிண்டனான்" என்றார். "எனக்கும் அது ஞாபகத்தில இல்லை ரீச்சர்."

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடல்வாய்க்குப் போனோம். மீன்வாடியில் வாங்கிய ஐஸ் ஒரு பெட்டியில். கத்தி, சின்னக் குழாய்கள். அறுக்கிறதை அங்கேயே, கரையிலேயே அறுப்பதென்று முடிவு. கதீசா ராத்தா எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பினா. ஆனால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து வழி காட்டினா.

அந்தக் காலமையை நான் இன்றைக்கும் கனவில் காண்பதுண்டு. அக்கா எங்கள் எல்லோரையும் கரையில் இருக்கச் சொன்னார். அங்கிருந்த பெண்கள், குழந்தைகள், எல்லோரும் பேசாமல் இருந்தோம். நாங்கள் கலக்கிய சேறு மெல்ல அடங்கியது. தண்ணீர் தெளியத் தெளிய, கண்டல் வேர்கள் தலைகீழாக இன்னொரு காடு போல அதற்குள் தெரிந்தன. வேர்களிலும் கல்லிலும் மட்டிகள் திறந்திருந்தன, ஒன்றிரண்டல்ல, கண்ணுக்கெட்டியவரை. எங்கள் தொட்டியில் நான் ஒரு நாளும் அப்படிக் கண்டதில்லை. எங்கேயோ ஒரு கொக்கு இறங்கியது. யுத்தம் என்று ஒன்று இந்த உலகத்தில் நடக்கிறதா என்று இருந்தது.

அக்கா இறங்கி, பிடுங்கிய கையோடு அறுத்து, குழாயில் போட்டு, ஐஸுக்குள் புதைத்தார்.

கதீசா ராத்தாவால் பேசாமல் இருக்க முடியவில்லை. "இண்டைக்கு ஆற விடல்லயா மிஸ்?"

"இது ஆறித்தான் இருக்கு ராத்தா. நாங்கள்தான் இவ்வளவு நாளும் குழப்பிக் குழப்பிக் கொண்டு போனனாங்கள்."

இன்னொரு வாளி மட்டியை உயிரோடு எடுத்துக்கொண்டோம். அதை வழமைபோலப் பாதையால் கொண்டு வந்து, வழமைபோல வெயிலில் வைத்து, வழமைபோலக் கிண்ட விட்டோம். இந்த முறை அக்கா வாளிக்குப் பக்கத்தில், குடையை விரிக்காமல், கடைசிவரை நின்றார். ஐஸ் பெட்டியை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டு எடுத்தார். அடுத்த நாள் இரண்டையும் கொண்டு மலைநாட்டுக்குப் போய்விட்டார்.

போனவர் வரவில்லை. ஒரு சேதியும் இல்லை. கதீசா ராத்தா ஒவ்வொரு நாளும் பாதையடியில் வாகைமர நிழலில் அவித்த மட்டி நிரப்பிய பேசின் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இருந்தா. சனம் பார்த்துக்கொண்டு போயிற்று. மிஞ்சினதை வீட்டில் பிள்ளைகள் தின்றன. தின்னும்போது அவ அதுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாவாம். "அந்த மிஸ் சொன்னத்துக்குப் பிறகு எனக்குப் பயம் ரீச்சர்" என்று என்னிடம் சொன்னா. சிரிப்புக்காரி அவ. அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு அந்த மத்தியானம். நான் பாதையால் இறங்கி, வரிசையில் நிற்கிறேன். வரிசை நகரவில்லை. வரிசைக்கு அந்தப் பக்கத்தில் ரவுண் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கி ஓடி வருகிறார். தலை கலைந்து, தோளில் பை இழுபட, சீலைக்கரை புழுதியில் அளைய. கிட்ட வரும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் ஓடி நான் கண்டதே இல்லையே.

"ராத்தா எங்க? ராத்தா எங்க ரீச்சர்?"

"என்னக்கா? வீட்டயும் போகாமலே வாறீங்கள்? முதல்ல ஒரு இடத்தில..."

"ஏலாது ரீச்சர், ஏலாது!"

மரத்தடிக்கு ஓடினார். கதீசா ராத்தா பேசினுக்குப் பின்னால் இருந்து அண்ணாந்து பார்த்தா. அக்காவுக்கு வார்த்தை ஒன்றோடொன்று முட்டியது. "ராத்தா, கரையில அறுத்தது... கோடே இல்லாத மாதிரி... வாளியில வந்ததுதான் கறுப்பு... செம்பு ஈயம் நேர அளக்கிற மெசினும் கிடைச்சது, அதிலயும் ஒண்டும்... உங்கட மட்டியில ஒண்டும்..."

வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிவப்புப் பலகை எங்கள் தலைக்கு மேலே இருந்தது. நான் கதீசா ராத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ துள்ளி எழும்பவில்லை. பக்கத்தில் கிடந்த வெறும் வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தா. தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தா.

"முதல்ல இரிங்க மிஸ்" என்றா. "ஆறட்டும்."

அக்கா அவவைப் பார்த்தார். பிறகு அந்த வாளிக்கு மேல் இருந்தார். போத்தலை வாங்கிக் குடித்தார். பாதி சீலையில் ஊற்றுண்டது. கதீசா ராத்தா அவசரப்படவில்லை. மூச்சு அடங்கும்வரை முந்தானையால் விசிறிவிட்டா. அடங்கிய பிறகு கேட்டா.

"வழியில ஏதும் நடந்ததா மிஸ்?"

"ஓம் ராத்தா" என்றார் அக்கா. "வெயிலில நிண்டனான்."

"ம்" என்றா கதீசா ராத்தா. "இப்ப சொல்லுங்க."

அக்கா குனிந்தார். பேசினுக்குள் கையை விட்டு அவித்த மட்டி ஒன்றை எடுத்தார். எல்லோருக்கும் தெரியும்படி அதை வாயில் போட்டுக்கொண்டார். எதையும் செய்வது போலவே மெல்ல, மிக மெல்ல மென்றார். அவர் விழுங்கும்வரை நாங்கள் எல்லோரும் வெயிலில் காத்து நின்றோம்.